சிமுலேட்டர் மெய்யாக விழ வேண்டும்

1996-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி மாலை, அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த கிரீன்ஸ்பரோ விமான நிலையத்திலிருந்து, பெரிய பராமரிப்பு வேலை ஒன்று முடிந்த நிலையில், பிரயாணிகள் எவருமின்றி, விமானக் குழுவினர் மூவரும் பராமரிப்பைச் சேர்ந்தோர் மூவரும் மாத்திரம் ஏறியிருந்த டி.சி.-8 விமானம் ஒன்று பரிசோதனைக்காகக் கிளம்பிற்று. ஏர்போர்ன் எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கம்பெனிக்குச் சொந்தமான அவ்விமானத்தை, ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் வேண்டுமென்றே வேகம் குறைத்து, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கத் தொடங்கும் ‘ஸ்டால்’ என்னும் நிலைவரை கொண்டுசென்று, பிறகு மீட்டு நேராக்குவது அன்றைய பரிசோதனைகளில் ஒன்று. விமானம் அந்நிலையை அடைந்தது, மீளவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த விமானி எஞ்சின்களின் சக்தியைக் கூட்டினார். ஆனால் மூக்கைத் தாழ்த்துவதற்காக முன்னே தள்ளவேண்டிய கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னோக்கி இழுத்தபடியே பிடித்திருந்தார். அடிவானம் கண்ணுக்குத் தெரியாத அந்த இருளிலும் மேகத்திலும் விமானம் விழுந்துகொண்டே போய் வர்ஜீனியா மாகாணத்தின் மலைச்சரிவில் மோதிற்று, அறுவரும் மாண்டனர்.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானியின் தவறான கையாளுதலையும், அதைக் கண்டு திருத்தத் தவறிய மற்றொரு விமானியின் பிழையையும், இத்தகைய பரிசோதனைப் பறப்புகளுக்கு முறையான ஏற்பாடு எதையும் கம்பெனி செய்யாதிருந்ததையும், வேலை செய்யாமல் கிடந்த எச்சரிக்கைக் கருவியையும் எடுத்துச் சொன்னதோடு நில்லாமல், அதுவரை பெரும்பாலோர் காரணமென்று கருதியிராத ஒன்றையும் காரணங்களின் வரிசையில் சேர்த்தது. அக்கம்பெனியின் விமானிகள் பயின்ற சிமுலேட்டர், டி.சி.-8 ஸ்டாலாகும்போது நடந்துகொள்ளும் விதத்தை உள்ளபடி காட்டத் தவறியது என்பதே அது. அந்தச் சிமுலேட்டரில் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும், மூக்கு உயர்ந்தபடியே, இறக்கைகள் சமமாக நின்றபடியே, விமானம் சாதுவாகத் தாழ்ந்துகொண்டிருக்கும். மெய்யான விமானத்தில் ஸ்டாலின் தருணத்தில் மூக்கு தானே முறிந்து கீழே விழும் அந்த அடையாளம் அதில் இல்லை. அத்தகைய யந்திரத்தில் அப்பியாசம் செய்தவரின் கைகள், மெய்யான ஆபத்து வந்தபோது, யந்திரம் கற்பித்ததையே செய்தன என்று நினைக்க இடமிருக்கிறது.

விமானப் பிரயாணம் செய்யும் ஒவ்வொருவருக்கும் இவ்விஷயத்தில் அக்கறை இருக்கவேண்டும் என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று மிக உயர்ந்த தரத்தது என்று ‘டி நிலை’ச் சான்று பெற்ற சிமுலேட்டர்களில், அனுபவமுள்ள ஒரு விமானி தமக்குப் புதிதான ஒரு விமான வகைக்குரிய பயிற்சி முழுவதையும் தரையிலேயே முடித்துவிடலாம், அந்த வகை விமானத்தின் காக்பிட்டில் அவர் முதன்முறையாக அமர்ந்து மெய்யாகவே வானில் எழும்பும் நாளில், மூத்த விமானி ஒருவர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை செய்ய, பின்னால் பிரயாணிகளும் அமர்ந்திருக்கலாம். இந்த ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. மெய்யான விமானத்தில் எஞ்சின் அணைப்பு முதலிய ஆபத்துகளைப் பயிலப் புகுந்து பயிற்சியிலேயே உயிரிழந்தவர்கள் பலர். அந்த உயிர்ச்சேதத்தைச் சிமுலேட்டர் நிறுத்தியது. ஆனால் இவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒரு யந்திரத்தின்மேல் வைக்கும்போது, அது எங்கே மெய் சொல்கிறது, எங்கே ஊகித்துச் சொல்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

ஸ்டால் என்பது எஞ்சின் நின்றுபோவதன்று. வேகக் குறைவு மட்டுமே அதன் காரணமும் அன்று. எதிர்வரும் காற்றின் திசைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள தாக்குகோணத்தை உயர்த்த உயர்த்த, இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் காற்றின் ஓட்டம் அதிகமான தூக்குவிசையைத் தருகிறது, ஓர் எல்லையைக் கடந்ததும் அக்காற்று மேற்பரப்பை விட்டு விலகிச் சுழல்களாகச் சிதறிவிடுகிறது, தூக்குவிசை வீழ்கிறது. பாத்திரத்திலிருந்து பாலைச் சாய்க்கும்போது, மெல்லச் சாய்த்தால் அது விளிம்பைவிட்டுப் பிரியாமல் பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒட்டியே வழிவதையும், இன்னும் சாய்த்தால் சட்டென்று விலகித் தனித்தாரையாக விழுவதையும், விலகிய தாரையை மறுபடி ஒட்டவைக்க அது விலகிய அதே சாய்வுக்குத் திரும்பினால் போதாமல் மேலும் நிமிர்த்தவேண்டியிருப்பதையும் அடுக்களையில் எவரும் பார்த்திருக்கலாம். காற்றின் காரணங்கள் வேறு என்றாலும், அதன் போக்கும் இவ்வாறே. விலகிய காற்று, விலகிய கோணத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. மேலும் கோணத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில், இறக்கைக்கு இருவேறு தூக்குவிசைகள் இருக்கமுடியும். எது உண்மையில் கிட்டும் என்பது அந்த விமானம் எவ்வழியாக அந்நிலைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது.

இத்துடன் முடிந்திருந்தால் கணித நிபுணர்களுக்கு வேலை எளிதாயிருக்கும். இரண்டு இறக்கைகளிலும் காற்று ஒரே கணத்தில் விலகுவதில்லை. எது முன்னே விலகுகிறதோ அந்தப் பக்கம் இறக்கை சரிகிறது. சாதாரணப் பறப்பில் சரியும் இறக்கையின் தாக்குகோணம் கூடுவதால் அதன் தூக்குவிசையும் கூடி, சரிவு தானே தணியும். ஸ்டாலுக்கு அப்பாலோ, அதே கோணவுயர்வு தூக்குவிசையைக் குறைப்பதால், சரிவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. சரிந்த இறக்கையைத் தூக்க விமானி வழக்கம்போல், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ‘அய்லரான்’ என்னும் பலகையைத் திருப்பினால், அது பயனற்றுப்போவதும், சில வகைகளில் நேர்மாறான விளைவைத் தருவதும் உண்டு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளையுடைய ஜெட் விமானங்களில் முனைகள் முதலில் ஸ்டாலாகுமானால், தூக்குவிசையின் மையம் முன்னே நகர்ந்து மூக்கை மேலும் உயர்த்தும். வாலின் உச்சியில் கிடைச்சிறகு வைத்த வகைகளில், இறக்கையிலிருந்து சிதறிய காற்று அந்தச் சிறகையே மூழ்கடித்து, மூக்கைத் தாழ்த்தும் வழியையும் அடைத்துவிடக்கூடும். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, பி.ஏ.சி. ஒன்-இலெவன் என்ற பிரிட்டிஷ் ஜெட்டின் முதல் மாதிரியில், புகழ்பெற்ற சோதனை விமானி மைக் லித்கோவும் உடனிருந்த அறுவரும் மாண்டது இந்தக் காரணத்தால்தான். தண்டைத் தானே முன்னே தள்ளும் யந்திரங்கள் அத்தகைய விமானங்களில் இடம்பெற்றதற்கு அவ்விபத்து ஒரு முக்கியத் தூண்டுதலாயிற்று.

இவ்வளவு விபரீத ஸ்வபாவமுள்ள ஒரு நிகழ்ச்சியைத் தரையில் கால் ஊன்றிய ஒரு பெட்டிக்குள் எப்படிக் காட்டுவது? எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டு, 1929-ஆம் ஆண்டில் தம் முதல் பயிற்சிக் கருவியை உருவாக்கிய காலத்தில் இக்கேள்வி எழவில்லை. கருவிகளைப் பார்த்துப் பறக்கக் கற்பித்தாலே போதுமென்றிருந்தது. இன்றைய சிமுலேட்டரோ ஆறு கால்களின்மேல் நின்று அசைகிறது. ஜன்னல்களில் நகரத்தின் விளக்குகள் தெரிகின்றன. ஓடுபாதையின் இணைப்புகளில் சக்கரம் ஏறும் தட்டல்கூடக் கேட்கிறது. இவையெல்லாம் மேற்புறத்து அலங்காரங்கள். உள்ளே இருப்பது எண்களின் அட்டவணை. இந்த வேகத்தில், இந்தத் தாக்குகோணத்தில், சுக்கான் இப்படித் திரும்பியிருக்கும்போது, இவ்வளவு விசை, இவ்வளவு திருகல் என்று விமானத்தைத் தயாரித்தவர் மெய்யான பறப்பில் அளந்து தந்த எண்களே சிமுலேட்டருக்கு உயிர். அந்த அளவைகள், விமானத்துக்குச் சான்று பெறுவதற்கு வேண்டிய மட்டில், ஸ்டாலின் வாயில்வரை, சற்றே அப்பாலும் செல்லும். அதற்குமேல், பெரிய பிரயாணி விமானம் ஒன்றைச் சோதனைக்காகத் தலைகுப்புற வீழ்த்தி அளக்க எவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது. அந்த இடத்தில் எண்கள் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் யந்திரம் நிற்பதில்லை. கடைசி எண்ணை நீட்டியோ, கோட்டைத் தன் போக்கில் தொடர்ந்தோ, ஏதோ ஒரு விமானத்தைப் பறக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. காக்பிட்டில் அமர்ந்திருப்பவருக்கு, அளந்த நாடு எங்கே முடிந்து கற்பனை நாடு எங்கே தொடங்கியது என்பதற்கு எந்த அடையாளமும் தெரியாது. டி.சி.-8 சிமுலேட்டர் சாதுவாகத் தாழ்ந்தது இந்தக் கற்பனை நாட்டில்தான்.

எண்கள் இல்லாத இடத்தில் பயிற்சியும் இல்லாமல் போயிற்று. நெடுங்காலம், பிரயாணி விமானிகள் பயின்றது ஸ்டாலை அன்று, ஸ்டாலை நெருங்குவதை மட்டுமே. தண்டு அதிர்ந்து எச்சரித்ததும் எஞ்சின் சக்தியை முழுவதும் கொடுத்து, உயரத்தை இயன்றமட்டும் இழக்காமல் மீளவேண்டும். இழந்த அடிகள் குறைவாக இருந்தால் மதிப்பெண் நன்று. இந்தப் பரீட்சை நாளடைவில் ஒரு விபரீதமான பழக்கத்தை வளர்த்தது. உயரத்தைக் காப்பதற்கு மூக்கை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஸ்டாலிலிருந்து மீள்வதற்கோ மூக்கைத் தாழ்த்தி உயரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். கற்றதும் தேவையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்றன.

2009-ஆம் ஆண்டு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை இருமுறை காட்டிற்று. பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 என்ற விமானத்தின் வேகம் கவனக்குறைவால் குறைந்து, தண்டு அதிர்ந்தது. அக்கணத்தில் விமானம் இன்னும் ஸ்டாலாகவில்லை. தண்டைச் சற்றே தளர்த்தியிருந்தால் அனைவரும் வீடு சேர்ந்திருப்பர். தலைமை விமானி தண்டை இழுத்தார். மூக்கு உயர்ந்தது, மெய்யான ஸ்டால் வந்தது, தண்டைத் தள்ளும் யந்திரம் தானே விழித்து முன்னே தள்ளிற்று, அவர் அதனோடும் மல்லுக்கு நின்று மீண்டும் இழுத்தார். முதல் அதிர்விலிருந்து தரையில் மோதும்வரை அரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே கடந்திருந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அது மோதிய வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். தண்டைத் தள்ளும் அந்த யந்திரத்தைச் சிமுலேட்டரில் உணர்ந்து பழகும் பயிற்சி அவருக்கு அந்த விமான வகையில் அளிக்கப்பட்டிருக்கவில்லை. அப்படிப் பயிற்ற வேண்டும் என்று விதியும் இல்லை. தம் கைக்கு எதிராகத் தண்டு தள்ளுவதை ஒருவர் வாழ்நாளில் முதன்முறையாக உணரும் நேரம், இரவில், தரைக்கு மிக அருகில், பின்னால் பிரயாணிகளை வைத்துக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாமா?

நான்கு மாதங்கள் நிறைவதற்குள், ஜூன் 1-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 என்ற ஏர்பஸ் ஏ330 விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் பனிப்படிகங்களால் சிறிது நேரம் அடைபட்டதால் தன்னியக்கம் விலகிக்கொள்ள, விமானி ஒருவர் மூக்கை உயர்த்தி, 35,000 அடியிலிருந்து ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏற்றினார். ஸ்டால் எச்சரிக்கை தொடர்ந்து 54 வினாடிகள் ஒலித்தது. தாக்குகோணம் 40 பாகையையும் தாண்டிற்று. நிமிடத்துக்கு 10,000 அடிக்கு மேலான வீதத்தில் விமானம் மூக்கு உயர்ந்தபடியே விழுந்துகொண்டிருந்தது. இறக்கைகளில் சிதறிய காற்றால் உடற்பகுதி முழுவதும் அதிர்ந்தது. அளவுகருவி நம்ப மறுக்கும் அளவுக்கு வேகம் குறைந்தபோது எச்சரிக்கை தானே ஓய்ந்தது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது, கணக்கு மீண்டும் செல்லுபடியானதால், அது மறுபடி கூவிற்று. சரியானதைச் செய்தபோது எச்சரிக்கையும், தவறானதைச் செய்தபோது மௌனமும் கிட்டும் இப்படிப்பட்ட ஒரு நிலையில், முன்பழக்கம் சிறிதும் இல்லாதவர்கள் உண்மையை எவ்வாறு கிரகித்திருக்க முடியும்? அதிக உயரத்தில் கையால் விமானத்தை ஓட்டுவதிலும், அங்கே ஸ்டாலை நெருங்கினால் செய்யவேண்டியதிலும் துணை விமானிகளுக்குப் பயிற்சி இருக்கவில்லை என்பதை 2012 ஜூலையில் வெளிவந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. அசாதாரண நிலைகளைச் சிமுலேட்டர்கள் இன்னும் மெய்யாகக் காட்டும்படி விதிகளைத் திருத்தவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கற்பிக்காமல் விடுவதன் தீங்கு இது. பொய்யாகக் கற்பிப்பதன் தீங்குக்கும் சான்று இருக்கிறது. 2001 நவம்பர் 12-ஆம் தேதி நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானத்தின் வாற்சிறகு முறிந்து 265 பேர் இறந்தது ஸ்டாலால் அன்று. முன்சென்ற விமானத்தின் காற்றுச் சுழலைச் சந்தித்தபோது துணை விமானி சுக்கானை இருபுறமும் மாறிமாறி அளவுமீறி மிதித்ததால். அதற்கு உதவிய காரணங்களுள் அக்கம்பெனியின் பயிற்சித் திட்டத்தின் சில அம்சங்களும் அடங்கும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது. சுழலில் சிக்கிய விமானம் பெரிதும் சரிவதைக் காட்டுவதற்காக, அப்பயிற்சியின் ஒரு பாடத்தில் விமானியின் கட்டளைகளுக்குச் சிமுலேட்டர் சற்று நேரம் இணங்காதபடி செய்யப்பட்டிருந்தது. எவ்வளவு திருப்பினாலும் விமானம் கேட்பதில்லை என்ற அனுபவத்தை அது அளித்தது. அதைக் கற்றவர் மேலும் மேலும் திருப்புவார் அல்லவா? கற்பித்தவரின் எண்ணம் நல்லது. யந்திரம் காட்டிய உலகம் மெய்யானதன்று.

இந்தப் பின்னணியில், கோல்கன் விபத்தில் இறந்தோரின் குடும்பத்தினர் வாஷிங்டனில் விடாது மன்றாடியதன் பயனாக 2010-இல் இயற்றப்பட்ட சட்டமும், அதன் வழியே 2013-இல் வந்த விதியும் மிகப் பெரிய திருப்பம் என்றே சொல்லவேண்டும். 2019 மார்ச் முதல் அமெரிக்கப் பிரயாணி விமானக் கம்பெனிகளின் விமானிகள் ஸ்டாலை நெருங்குவதை மட்டுமன்றி முழு ஸ்டாலையும் சிமுலேட்டரில் பயின்றாக வேண்டும். அதற்கு ஏற்ப, ஸ்டாலாகும் கோணத்துக்கு அப்பால் குறைந்தது 10 பாகைவரை சிமுலேட்டரின் கணக்கு செல்லுபடியாகவேண்டும் என்று 2016-இல் தரம் வகுக்கப்பட்டது. அதிர்வு, இறக்கை சரிவு, அய்லரானின் பலவீனம், காற்று மீண்டும் ஒட்டுவதில் நேரும் தாமதம் ஆகியவை அந்த விமான வகையின் ஸ்வபாவத்தை ஒத்திருக்கின்றனவா என்று, அதன் ஸ்டாலை நேரில் அறிந்த விமானி ஒருவர் அமர்ந்து பார்த்துச் சான்று தரவேண்டும். மீளும் முறையும் மாறிற்று: முதலில் தாக்குகோணத்தைக் குறை, உயரத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படு. இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின்கள், குறைந்த வேகத்தில் முழுச் சக்தி கொடுத்தால் மூக்கை உயர்த்திவிடுமாதலால், சக்தியும் இரண்டாம் இடத்துக்கே சென்றது.

எண்கள் இல்லாத இடத்துக்கு எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். வர்ஜீனியாவின் லாங்லியில் உள்ள நாசா ஆராய்ச்சிசாலை, பிரயாணி விமானத்தின் வடிவத்தை 5.5 சதவீத அளவுக்குச் சுருக்கி, எடையும் சுழற்சியும் அதற்கேற்ற விகிதங்களில் அமையும்படி செய்த மாதிரி ஒன்றைக் காற்றுச் சுரங்கத்திலும், ஆளில்லாமல் வானிலும் பறக்கவிட்டு, எந்த மனிதரும் துணியாத கோணங்களில் அளந்தது. ஐரோப்பாவில் ‘சுப்ரா’ என்ற கூட்டு முயற்சி 2009 முதல் 2012 வரை நடந்து, நெதர்லாந்தின் சூஸ்டர்பெர்க்கில் இருக்கும், சுழன்று ஈர்ப்பு விசையைக் கூட்டிக் காட்டும் டெஸ்டிமோனா என்ற யந்திரத்தை இதற்குப் பயன்படுத்திற்று. சிறிய மாதிரியின்மேல் ஓடும் காற்று பெரிய இறக்கையின்மேல் ஓடும் காற்றைப் போல் முற்றிலும் நடந்துகொள்ளாது என்பது விஞ்ஞானிகள் அறிந்ததே. ஆனால் ஒன்றுமறியாமல் கோட்டை நீட்டுவதற்கும், அளந்து அதன் குறையையும் அறிந்து பயன்படுத்துவதற்கும் உள்ள தூரம் பெரிது.

சிமுலேட்டரில் முழு ஸ்டாலைக் கற்பிப்பதை எதிர்ப்போர் சொல்லும் நியாயங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். ஒரே விமானத்தை ஒரே நாளில் இருமுறை ஸ்டாலாக்கினால், ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் சரியக்கூடும். இறக்கையின் விளிம்பில் படிந்த சிறிது பனி முழுக் கணக்கையும் மாற்றிவிடும். அப்படியிருக்கச் சிமுலேட்டர் காட்டும் ஒரு ஸ்டாலை ‘இதுதான் ஸ்டால்’ என்று விமானி மனத்தில் பதித்துக்கொண்டால், அதுவும் ஒரு புதிய பொய்யாகாதா என்பது அவர்கள் கேள்வி. ஆகும், ஒரே ஸ்டாலைத் திரும்பத் திரும்பக் காட்டினால் நிச்சயம் ஆகும். ஆகவே எண்ணுக்கு எண் பொருந்தும் ஸ்டாலை நான் கேட்கவில்லை. அத்தகைய பொருத்தம் மெய்யான விமானத்திலேயே கிடையாது. நான் கேட்பது குணத்தின் உண்மை. இறக்கை சரியும், எப்புறம் என்று முன்கூட்டித் தெரியாது. தண்டை முன்னே தள்ளிய உடனே எல்லாம் சரியாகிவிடாது; காற்று மீண்டும் ஒட்டும்வரை பொறுத்திருந்து பிடித்திருக்க வேண்டும். அய்லரானால் போராடுவது பயன் தராது. இந்த உண்மைகள் ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்ட உருவில் வரும்படி யந்திரத்தை அமைப்பது இன்றைய கணிதத்துக்கு எட்டாததன்று.

ஸ்டாலுக்குள் போகாதிருக்கக் கற்பித்தாலே போதும், உள்ளே போனபின் என்ன செய்வதென்று ஏன் கற்பிக்க வேண்டும் என்னும் மற்றொரு நியாயத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அட்லாண்டிக்கில் விழுந்த விமானத்தின் குழுவினர் ஸ்டாலைத் தவிர்க்கத் தவறியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் அவர்களுக்கு நிமிடக்கணக்கில் நேரம் இருந்தது. அந்த நேரம் பயன்படாமற் போனது, தாம் எந்நிலையில் இருக்கிறோம் என்பதையே அவர்களால் அடையாளம் காண முடியாததால்தான். அடையாளம் காண்பதற்குத் தேவை, முன்பு ஒருமுறையேனும் அதனுள் இருந்த அனுபவம்.

சிமுலேட்டருக்கு இயலாததையும் மறைக்கலாகாது. ஆறு கால்களின்மேல் நிற்கும் மேடை, கிளம்பும் அசைவைக் காட்டிவிட்டு, அடுத்த அசைவுக்கு இடம் வைத்துக்கொள்ள உடனே மெல்லப் பின்வாங்கிவிடும்; நீடித்த விசையை அதனால் தரமுடியாது. ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்தும்போதோ, உடல் இருக்கையை விட்டு இலேசாகி, வயிறு மேலெழுந்து, வார்பட்டை தோளை அழுத்தும். அந்த உணர்ச்சியை முன்பின் அறியாதவரின் கை, தள்ளிய தண்டைத் தன்னையறியாமல் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதைக் கற்பிக்க மெய்யான வானமே வேண்டும். ஐரோப்பிய அதிகாரிகள், 2019 டிசம்பர் முதல், வர்த்தக விமானியாகப் புகுவோர் தகுந்த சிறு விமானத்தில் ஆசிரியருடன் குறைந்தது 3 மணி நேரம் இந்தப் பயிற்சியைப் பெறவேண்டும் என்று விதித்தது இதனாலேயே அறிவுள்ள செயல். அமெரிக்கா சிமுலேட்டரைத் திருத்திற்று, ஐரோப்பா வானத்துக்கு அனுப்பிற்று. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. சிறு விமானத்தில் மூன்று மணி நேரம் கற்றது இருபது ஆண்டுகள் கழித்துப் பெரிய ஜெட்டின் காக்பிட்டில் அப்படியே நினைவில் நிற்கும் என்று நம்புவது வீண். ஆண்டுதோறும் சிமுலேட்டரில் அதைப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சிமுலேட்டர் மெய் பேசவும் வேண்டும்.

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, நிலை பிறழ்ந்த விமானத்தை மீட்கும் பயிற்சிக்கான விதிகளையும் கையேட்டையும் 2014-லேயே வெளியிட்டுவிட்டது. ஒரு நாட்டின் அதிகாரிகள் அதை எவ்வளவு ஆழமாகக் கைக்கொள்கிறார்கள் என்பதை அறிய ஒரே ஒரு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்றுவிக்கும் ஆசிரியரின் மேசையில், சிமுலேட்டர் இப்போது அளந்த எண்களின் எல்லைக்குள் பறக்கிறதா, எல்லையைக் கடந்து ஊகத்தில் பறக்கிறதா என்பதைக் காட்டும் திரை இருக்கிறதா? அமெரிக்கத் தரம் அதைக் கேட்கிறது. அது இல்லாத யந்திரத்தில் ஆசிரியரும் மாணவரைப்போலவே கண் கட்டப்பட்டவர். மாணவர் எல்லையைத் தாண்டிச் சென்று ஏதோ ஒரு விதத்தில் மீண்டுவிட்டால், ‘நன்று’ என்று எழுதி அனுப்புவார். மாணவர் கற்றது விமானத்தின் குணத்தையா, எண் தீர்ந்துபோன ஓர் அட்டவணையின் குணத்தையா என்று அவராலும் சொல்ல இயலாது. பழைய யந்திரங்கள் அனைத்தையும் உடனே மாற்றுவது செலவு மிகுந்த காரியம் என்பதை ஒப்புகிறேன். மாற்ற இயலாதவற்றில் முழு ஸ்டாலைக் கற்பிப்பதைத் தடை செய்வதற்கும், எல்லையைத் தாண்டியதும் பாடத்தை நிறுத்துவதற்கும் செலவு ஒன்றுமில்லை.

இதில் விமானம் தயாரிப்பவர்களின் பங்கும் பெரிது. ஸ்டாலுக்கு அப்பாற்பட்ட எண்கள், பறப்பில் அளந்தவையானாலும் காற்றுச் சுரங்கத்தில் அளந்தவையானாலும், முதலில் அவர்கள் கைக்கே வருகின்றன. அவற்றை வியாபார ரகசியமாக வைத்திருப்பதற்கும் சிமுலேட்டர் செய்பவர்களிடம் விலை பேசுவதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் உயிர்காக்கும் பயிற்சிக்கு வேண்டிய அளவைகளை, விமானத்தை விற்கும்போதே அதனுடன் சேர்த்துத் தருவதைச் சான்றின் நிபந்தனையாக ஆக்கவேண்டியவர்கள் அரசாங்கங்கள். அவ்வாறு பெற்ற எண்களைக் கொண்டு நடத்தும் பாடமும், அட்டவணை போட்டு முன்கூட்டி அறிவித்துச் செய்யும் சடங்காக இராமல், இரவில், 35,000 அடியில், வேகம் காட்டும் கருவி பொய் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வேறொரு வேலையில் மனம் இருக்கும் விமானியிடம் சொல்லாமல் வரவேண்டும். அவர் தடுமாறினால், அன்றைய மதிப்பெண்ணைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பாமல், அவர் கை தானாகவே முன்னே செல்லும்வரை அதே இருக்கையில் மறுபடி மறுபடி பயில நேரம் தரவேண்டும்.